எயர் கனடாவின் விமானப் பணியாளர் சேவை: வேலைநிறுத்தத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

எயர் கனடாவில் பயணம் செய்யலாமா என்று ரொறன்ரோவில் உள்ள உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். 2025 ஓகஸ்ட்டில் அதன் விமானப் பணியாளர்கள் வேலையை நிறுத்தியபோது, நல்லூர்த் திருவிழாவுக்கும் ஊர்க் கலியாணங்களுக்கும் புறப்படவிருந்த பல குடும்பங்கள் பியர்சன் விமான நிலையத்துக்குப் போவதா விடுவதா என்று தெரியாமல் தவித்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகு இந்தக் கேள்விக்குள் ஒரு கோபமும் கலந்திருக்கிறது. ஆசனத்தின் அகலம், உணவு, திரைப்படத் தெரிவு ஆகியவற்றைப் பற்றி எழுதுவோர் ஏராளம். நான் இங்கே மதிப்பிட விரும்புவது பணியாளர் சேவையை மட்டுமே: அது எப்படி இருக்கிறது, அதற்கு நிறுவனம் எப்படி விலை வைத்திருக்கிறது, அந்த விலையை ஏற்க மறுத்து வேலையை நிறுத்துவதா என்ற கேள்வி முன்னால் வந்தபோது அவர்கள் எதையெல்லாம் எடைபோட்டார்கள் என்பவற்றை.

சேவையிலிருந்தே தொடங்குகிறேன். நீண்ட தூரப் பயணங்களில் இவர்களுடைய வேலையின் தரத்தை நான் எடைபோடுவது, பயணிகள் உள்ளே ஏறத் தொடங்குவதிலிருந்து கதவு மூடப்படும் வரையுள்ள நேரத்தை வைத்துத்தான். டெல்லிக்குப் போகும் ஒரு விமானத்தில் என் தாயாரோடு ஏறியபோது கண்டதைச் சொல்கிறேன். அவரைச் சக்கர நாற்காலியில் விமானக் கதவுவரை கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து ஆசனம் வரை அவர் நடக்க வேண்டும். முன்வாசலில் நின்ற பணியாளர் ஒருவர் பின்னால் வந்த வரிசையைக் கையால் மெதுவாக நிறுத்திவிட்டு, அம்மாவின் முழங்கையைப் பிடிக்காமல் தன் முழங்கையை அவரிடம் நீட்டினார். அம்மா அதைப் பற்றிக்கொண்டு தன் வேகத்தில் நடந்தார். ஆசனத்தில் அமர்ந்ததும், இன்சுலின் வைத்திருந்த சிறிய குளிர்ப்பையை மேலே கைப்பொதி அறைக்குள் வைக்காமல் காலடியிலேயே வைத்திருக்கச் சொல்லி, எந்நேரம் ஊசி போட வேண்டும் என்று கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். அதே நிமிடங்களில் அவருடைய தோழர் ஒருவர் பின்வரிசையில் பிரிந்து உட்கார வேண்டியிருந்த ஒரு தாயையும் பிள்ளையையும் அருகருகே அமர்த்துவதற்காக மூன்று பேரிடம் பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவசரக் கதவுக்கு அருகில் இருந்தவர்களிடம், தேவை ஏற்பட்டால் கதவைத் திறக்க அவர்களுக்கு இயலுமா, விருப்பமா என்று ஒவ்வொருவராக விசாரித்தார்.

பயணிகள் உள்ளே வருவதற்கு முன்பே அவர்கள் முடித்துவைத்திருக்கும் வேலை நம் கண்ணில் படுவதே இல்லை. பிராணவாயுக் குடுவைகளில் போதிய அழுத்தம் இருக்கிறதா, தீயணைப்பான்கள் அவற்றுக்குரிய இடத்தில் இருக்கின்றனவா, கதவோடு மடித்து வைக்கப்பட்டிருக்கும் அவசரச் சறுக்குப் பாதையின் அழுத்தமானி சரியாகக் காட்டுகிறதா, மருத்துவப் பெட்டியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே நம்மை உள்ளே அழைக்கிறார்கள்.

இது ஒரு சம்பிரதாயம் அல்ல என்பதை ரொறன்ரோவில் வாழும் நாம் இரண்டு முறை நேரில் அறிந்திருக்கிறோம். 2005 ஓகஸ்ட் 2ஆம் தேதி எயர் பிரான்ஸ் 358 விமானம் பியர்சனில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கித் தீப்பற்றியபோது அதில் இருந்த 309 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். 2025 பெப்ரவரி 17ஆம் தேதி டெல்டா நிறுவனத்தின் பெயரில் பறந்த சிறிய விமானம் ஒன்று அதே நிலையத்தில் தரையிறங்கும்போது தலைகீழாகப் புரண்டது. பயணிகள் வார்ப்பட்டியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த அந்த நிலையிலும் அதில் இருந்த 80 பேரும் உயிர் தப்பினார்கள். இவை வேறு நிறுவனங்களின் விமானங்கள். ஆனால் தொழில் ஒன்றே, பயிற்சியும் ஏறத்தாழ ஒன்றே. உணவுத் தட்டு கொண்டுவருபவர் என்று நாம் நினைக்கும் அந்த மனிதரின் முதன்மையான வேலை, எரியும் விமானத்திலிருந்து நம்மை ஒன்றரை நிமிடத்துக்குள் வெளியேற்றுவது.

இனி விலைக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் நெடுங்காலமாக இருந்துவரும் முறைப்படி, விமானம் ஏறுவாயிலிலிருந்து நகர்வதற்காகச் சக்கரத் தடை விடுவிக்கப்படும் கணத்தில்தான் மணிக்கணக்கான சம்பளம் ஓடத் தொடங்கும். சேருமிடத்தில் தடை மீண்டும் போடப்பட்டதும் அது நின்றுவிடும். மேலே நான் விவரித்த அத்தனையும், அம்மாவின் முழங்கை உட்பட, அந்தக் கணக்குக்கு வெளியே நடந்தவை. கலியாண வீட்டுச் சமையற்காரருக்குப் பந்தி தொடங்கிய பிறகுதான் கூலி கணக்கிடப்படும் என்று சொன்னால் எந்த ஊரிலும் ஒருவரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். இவர்களுடைய தொழிற்சங்கமான கனடியப் பொது ஊழியர் சங்கம், ஒரு பணியாளர் சராசரியாக மாதத்துக்கு 35 மணிநேரம் இப்படிச் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார் என்று தன் ஆய்வொன்றின் அடிப்படையில் கூறியது. தரையில் தாமதமாகி விமானம் ஏறுவாயிலிலேயே நிற்கும் நாளில், பயணிகளின் கோபம் முழுவதும் விழுவதும் இதே சம்பளமில்லா நேரத்தில்தான்.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளில் மொத்த ஊதியமும் பிற நலன்களும் சேர்ந்து 38 சதவீதம் உயரும் என்றும், அதன்படி மூத்த பணியாளர் ஒருவர் 2027இல் சராசரியாக 87,000 டொலர் பெறுவார் என்றும் அது அறிவித்தது. தரை நேரத்துக்கு மணிச் சம்பளத்தில் பாதியைத் தரவும் முன்வந்தது. அமெரிக்காவில் டெல்டா 2022இலேயே ஏறும் நேரத்துக்குப் பாதிச் சம்பளம் தரத் தொடங்கிவிட்டதால் அது புதுமையான சலுகை அல்ல. ஆயினும் ஒன்றும் இல்லாததிலிருந்து பாதிக்கு வந்தது உண்மையான முன்னேற்றம் என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று: மூத்தவர்களின் சராசரியைக் காட்டி இளையவர்களின் நிலையை மறைப்பது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நிலையான அட்டவணை கிடையாது. அழைப்பு வந்தால் உடனே புறப்படத் தயாராகக் காத்திருப்பில் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் வன்கூவரிலும் வாடகை எவ்வளவு என்று இதை வாசிக்கும் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

பத்தாண்டு கால ஒப்பந்தம் 2025 மார்ச்சில் முடிவடைந்த பிறகு, ஏறத்தாழ 10,000 பணியாளர்களிடம் வேலைநிறுத்தத்துக்கு ஆணை கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 99.7 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். இப்படி ஒரு எண்ணைப் பார்க்கும்போது எவரும் யோசிக்காமலே கை உயர்த்திவிட்டார்கள் என்று தோன்றும். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் அவர்களுள் ஒருவர். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாதவர். அந்த வாரங்களில் அவர் எதையெல்லாம் எண்ணிப் பார்த்தார் என்பதை நான் அருகில் இருந்து கேட்டேன். வீட்டுக் கடன் தவணை ஒருபக்கம். ஊதியம் நின்றால் சங்கம் தரும் உதவித்தொகையில் எத்தனை வாரம் தாக்குப்பிடிக்கலாம் என்ற கணக்கு மறுபக்கம். வவுனியாவில் இருக்கும் தாயாரை ஊழியர் பயணச் சலுகையில் போய்ப் பார்க்கலாம் என்று வைத்திருந்த திட்டம் இன்னொரு பக்கம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளோடு புறப்பட்ட குடும்பங்களை நடுவழியில் விடுகிறோமே என்ற மனக்குடைச்சலும் இருந்தது.

"அண்ணா, சனங்கள் எங்களைத்தான் ஏசுவினம், அது எனக்குத் தெரியும். ஆனா கதவு பூட்ட முதல் ஏதும் நடந்தா அதுக்கும் நான்தானே பொறுப்பு? பொறுப்பு இருக்கிற நேரத்துக்குச் சம்பளம் இல்லையெண்டா எப்பிடி?" என்று அவர் கேட்டார். இதற்கு எதிர்வாதமாக நான் சொல்ல வந்தது, ஊதியம் மொத்தமாகப் பேசப்படும்போது தரை நேரத்துக்கான தொகையும் மணிக்கட்டணத்துக்குள் அடங்கியிருக்கிறது என்று நிறுவனங்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வாதம். அதை அவர் மறுக்கவில்லை. அப்படியானால், தாமதம் கூடும்போது அந்த மணிக்கட்டணம் ஏன் கூடுவதில்லை என்று மட்டும் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஓகஸ்ட் 13ஆம் தேதி சங்கம் வேலைநிறுத்தத்துக்கான 72 மணிநேர முன்னறிவித்தலைக் கொடுத்தது. நிறுவனமும் கதவடைப்பு அறிவித்தலைக் கொடுத்து, அடுத்த நாளிலிருந்தே விமானங்களைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. 16ஆம் தேதி நள்ளிரவு கழிந்து 12.58க்கு வேலைநிறுத்தம் ஆரம்பமானது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 விமானங்களும் 130,000 பயணிகளும் பாதிக்கப்படுவார்கள் என்பது நிறுவனமே வெளியிட்ட கணக்கு. அன்று பகலுக்குள்ளேயே, பன்னிரண்டு மணிநேரம்கூட ஆகாத நிலையில், வேலைவாய்ப்புத் துறை அமைச்சர் பட்டி ஹைடு கனடாத் தொழிற் சட்டத்தின் 107ஆம் பிரிவைப் பயன்படுத்தி, பணிக்குத் திரும்பச் செய்து பிணக்கைக் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு விடுமாறு தொழில் உறவுகள் சபையைப் பணித்தார். ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று சபை உத்தரவிட்டது.

உண்மையான எடைபோடல் அப்போதுதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். வாக்களித்ததும் பதாகை பிடித்ததும் சட்டம் அனுமதித்த செயல்கள். ஞாயிறு இரண்டு மணிக்குப் பிறகு நிற்பதா திரும்புவதா என்பது வேறு வகைக் கேள்வி. இதே பிரிவை அரசு முந்தைய ஆண்டில் ரயில் தொழிலாளருக்கும், துறைமுகத் தொழிலாளருக்கும், அஞ்சல் ஊழியருக்கும் எதிராகப் பயன்படுத்தியிருந்தது. அவர்கள் எல்லோரும் திரும்பிப் போயிருந்தார்கள். 1978இல் பணிக்குத் திரும்புமாறு ஆணையிட்ட சட்டத்தை அஞ்சல் ஊழியர் சங்கம் மீறியபோது அதன் தலைவர் ஜான் குளோட் பரோ சிறைக்குப் போனதும் இந்த நாட்டின் வரலாற்றில் உள்ளது. அந்தப் பின்னணியில், தேவையானால் சிறைக்கும் போகத் தயார் என்று சங்கத்தின் தேசியத் தலைவர் மார்க் ஹான்கொக் அறிவித்தார். தலைவர் அப்படிச் சொல்லலாம். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் ஓர் இளைய பணியாளர், மறுநாள் தன் பெயருக்கு ஓர் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வருமோ என்ற நினைப்போடு பியர்சன் வாசலில் நிற்பதற்குத் தேவைப்படும் துணிவு வேறு. எங்கள் தெருப் பெண் அன்று மாலையும் அங்கேதான் நின்றார். திரும்பிப் போக நினைத்த தோழர்களும் இருந்தார்கள் என்றும், அவர்களைத் தான் குறை சொல்லவில்லை என்றும் பிறகு சொன்னார். குறை சொல்லாத அந்தப் பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன். தனித்து வாழும் தாய்க்கும், இரட்டை வருமானம் உள்ள குடும்பத்துக்கும் ஒரே துணிவை விலையாகக் கேட்பது நியாயமாகாது.

18ஆம் தேதி வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது என்று சபை அறிவித்தது. அன்றிரவு சமரசம் செய்ய வந்த வில்லியம் கப்லானின் முன்னிலையில் பேச்சு நடந்து, 19ஆம் தேதி விடியுமுன் உடன்பாடு ஏற்பட்டது. சிறிய விமானங்களில் 60 நிமிடத்துக்கும், அகன்ற உடல் கொண்ட பெரிய விமானங்களில் 70 நிமிடத்துக்கும் தரை நேரச் சம்பளம் வந்தது. அது மணிக்கட்டணத்தில் பாதியில் தொடங்கி ஆண்டுதோறும் ஐந்து சதவீதப் புள்ளி கூடும். ஊதிய உயர்வுப் பகுதியைச் செப்டெம்பரில் உறுப்பினர்களின் வாக்குக்கு விட்டபோது 99.1 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். ஆயினும் மீண்டும் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று முன்பே உடன்பட்டிருந்ததால் அந்தப் பகுதி மட்டும் சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் போனது. விமானத்துறையில் சம்பளமில்லா வேலை பற்றி ஆராய்வதாக அரசும் அறிவித்தது. ஆணைக்குப் பணிந்து ஞாயிறன்றே திரும்பியிருந்தால் இந்த உடன்பாடு பேச்சு மேசையில் பிறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

பயணிகளுக்கு இதில் என்ன கிடைத்தது என்பதையும் ஒரு மதிப்பீடு சொல்லியாக வேண்டும். கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, ஊழியர் வேலைநிறுத்தம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட நிகழ்வாகக் கருதப்படுகிறது. ஆகவே தாமதத்துக்கான இழப்பீடு கிடையாது. ஆனால் பெரிய நிறுவனமொன்று தன் விமானத்திலோ கூட்டு நிறுவனத்தின் விமானத்திலோ 48 மணிநேரத்துக்குள் புறப்படும் மாற்று ஆசனத்தைத் தர வேண்டும். அது இயலாவிட்டால், பயணி விரும்பியபடி பணத்தைத் திருப்பித் தரவோ எந்த நிறுவனத்திலாவது ஆசனம் எடுத்துத் தரவோ கடமைப்பட்டுள்ளது. கோடை விடுமுறையின் உச்சத்தில் வேறு நிறுவனங்களில் ஆசனம் எங்கே இருக்கும் என்பது வேறு கதை. தன் பணியாளரோடு ஏறத்தாழ எட்டு மாதங்களாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம், அந்தப் பேச்சு முறிந்ததைப் புயலுக்கும் பனிக்கும் சமமான இடராக விதிகளில் காட்ட முடிவதை நான் ஏற்கவில்லை. சட்டம் திருத்தப்பட வேண்டிய இடம் அது. பயணிகள் தாமாகச் செய்த நியாயமான மாற்றுப் பயணச் செலவுகளையும் திருப்பித் தருவதாக எயர் கனடா பின்னர் அறிவித்ததை அதன் கணக்கில் நன்மையாகவே எழுதுகிறேன்.

இனி நடைமுறைக்கு உதவும் சில விடயங்கள். எயர் கனடா எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஜாஸ் (Jazz), பால் (PAL) ஆகிய நிறுவனங்கள் இயக்கும் சிறிய விமானங்கள் அந்த நாட்களிலும் பறந்தன. அவற்றின் பணியாளர்கள் வேறு ஒப்பந்தத்தின் கீழ் இருப்பதே காரணம். ஆகவே சீட்டு வாங்கும்போது "இயக்குபவர்" என்று எழுதியிருக்கும் வரியையும் வாசியுங்கள். சென்னைக்கோ கொழும்புக்கோ போகிறவர்கள், இலண்டன் வரை ஒரு சீட்டு, அங்கிருந்து வேறு நிறுவனத்தில் தனிச் சீட்டு என்று மலிவுக்காகப் பிரித்து வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. முழுப் பயணமும் ஒரே பதிவில் இருந்தால்தான் முதற்பகுதி குழம்பும்போது மறுபகுதியையும் மாற்றித் தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு வரும். பயணக் காப்புறுதியை வேலைநிறுத்த அறிவித்தல் வெளிவந்த பிறகு வாங்கினால் பொதுவாக அந்த இடருக்குப் பாதுகாப்புக் கிடைக்காது என்பதால், சீட்டு வாங்கும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள். சைவ உணவு வேண்டுவோர் அதை முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். அன்று ஏறிய பிறகு கேட்டால் அந்தப் பணியாளர் தன் விருப்பத்தால் மட்டும் அதை உருவாக்கித் தர முடியாது.

என் தீர்ப்பு இதுதான். பணியாளர் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், கொஞ்சமும் தயங்காமல். அந்தச் சேவையை நிறுவனம் நடத்தும் விதத்துக்கு ஐந்துக்கு இரண்டு. தரை நேரத்துக்குச் சம்பளம் என்ற கொள்கையையாவது ஏற்றதால் அந்த இரண்டு. முழுக்கட்டணம் வரும் நாளில் அது உயரும். அம்மாவை அடுத்த முறை அழைத்துப் போகும்போதும் நான் எயர் கனடாவைத் தேர்வேன். ஏறும் நேரத்துக்கான மீதிச் சம்பளமும் என் சீட்டின் விலையில் சேர்க்கப்பட்டால் அதை மனமுவந்து கொடுப்பேன். அந்த ஓகஸ்ட்டில் விமானம் தவறியவர்களுக்கு இன்னும் ஒன்று: திரும்பக் கிடைக்க வேண்டிய தொகை எதுவும் நிலுவையில் இருந்தால், நிறுவனத்திடம் எழுத்தில் கோரி, முப்பது நாட்களில் பதில் இல்லையென்றால் கனடியப் போக்குவரத்து முகமையிடம் முறையிடலாம். அந்த முறைப்பாட்டில் பணியாளர்களைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் விமானம் பறக்காமல் போனதற்கு அவர்களும் தங்கள் சம்பளத்தால் விலை கொடுத்தார்கள்.